நாகரத்தினம்மாள் பதிப்பித்த நூல்

திருவையாற்றில் தியாகராசருக்குச் சமாதிக் கோயில் எழுப்பியவர் என்ற அளவில் பெங்களூர் நாகரத்தினம்மாளை இசையுலகம் நன்கறியும். ஒரு கவிதை நூலின் பொருட்டு அவர் அரசின் சினத்துக்கு ஆளானதை இலக்கிய உலகம் அத்துணை நினைப்பதில்லை.

1878இல் நஞ்சன்கூட்டில் தேவதாசி மரபில் பிறந்த அம்மையார், இசையோடு வடமொழியும் தெலுங்கும் கற்றுத் தேர்ந்தவர். சென்னையில் குடியேறிப் பெரும்புகழ் எய்தினார். தஞ்சை மராட்டிய மன்னர் பிரதாபசிம்மரின் அவையில் விளங்கிய முத்துப்பழனி தெலுங்கில் இயற்றிய ‘ராதிகா சாந்த்வனம்’ என்னும் காவியம் அவர் உள்ளத்தைக் கவர்ந்தது. தான் வளர்த்த இளாவைக் கண்ணனுக்கு மணமுடித்துவிட்டுப் பொறாமையில் வேகும் ராதையையும், அவளது ஊடலைத் தீர்க்கும் கண்ணனையும் பாடும் நூல் அது. மருதத்திணை பயின்ற தமிழருக்கு இதில் வியப்பொன்றும் இராது. 1887இல் வந்த அச்சுப் பதிப்பில் சிருங்காரச் செய்யுட்கள் பல விடப்பட்டிருந்தன. கவிஞர் தம் குலத்துப் பெண்களைப் போற்றிய முற்பகுதியும் இல்லை. கையெழுத்துப் பிரதியைத் தேடிப் பெற்று, 584 செய்யுட்களையும் 1910இல் அம்மையார் முழுமையாகப் பதிப்பித்தார். வெளியிட்டவர்கள் சென்னை வாவிள்ள ராமசுவாமி சாஸ்திருலு நிறுவனத்தார்.

சமூகச் சீர்திருத்தச் செம்மல் கந்துகூரி வீரேசலிங்கம் முத்துப்பழனியைக் கடுமையாகப் பழித்திருந்தார். ஆடவர் எழுதிய சிருங்கார நூலைப் பாடமாக ஏற்ற அதே அறிஞருக்கு, பெண் எழுதியது மட்டும் எவ்வாறு ஆபாசமாயிற்று என்று அம்மையார் தம் முன்னுரையில் வினவினார். இந்த வினாவுக்குத் தக்க விடை வரவில்லை, வந்தது காவல்துறை. அரசின் மொழிபெயர்ப்பாளர் பொறுக்கியெடுத்துக் கொடுத்த பகுதிகளைக் கொண்டே 1911இல் நூல் தடைசெய்யப்பட்டது, பிரதிகள் கைப்பற்றப்பட்டன. பண்டிதர்களின் விண்ணப்பமும் பயன்படவில்லை. தீயவற்றின் பிடிக்கு எளிதில் ஆட்படும் மனத்தைக் கெடுக்குமா என்று தனிப் பகுதிகளை மட்டும் வைத்து நூலை அளக்கும், 1868ஆம் ஆண்டின் ஆங்கிலேயத் தீர்ப்பு கோலோச்சிய காலம் அது.

நூலைக் காக்க இயலாத அம்மையார், திருவையாற்றில் தம் செல்வத்தைச் செலவிட்டார். அங்கும் பெண்களுக்குப் பாட இடம் மறுக்கப்படவே, தனியே ஆராதனை நடத்தி உரிமையை நிலைநாட்டினார்.

1947இல் சென்னை மாகாண முதலமைச்சர் தங்குதூரி பிரகாசம் தடையை நீக்கினார். ஆனால் அந்த ஆங்கிலேய அளவுகோல் எளிதில் அகலவில்லை. பேச்சுரிமையை அளித்த அரசியலமைப்பு நடைமுறைக்கு வந்த பின்னரும், ஆபாசத் தடைச் சட்டம் செல்லும் என்று 1964இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தபோது அவ்வளவுகோலையே பெரிதும் தழுவியது. அதனை வெளிப்படையாகக் கைவிட 2014 வரை ஆயிற்று.

காவியத்தின் மறுபதிப்பு 1952இல் வெளிவந்தது. அவ்வாண்டு மே 19ஆம் நாள் அம்மையார் மறைந்தார்.