ரத்தத்தின் வகை கண்ட டாக்டர்

திருப்பதி ரூயா ஆஸ்பத்திரியிலோ, சித்தூர் அரசு ஆஸ்பத்திரியிலோ விபத்தில் அடிபட்டவரைக் கொண்டு சேர்த்தவர்களுக்கு இது தெரிந்திருக்கும். ரத்தம் கொடுக்க நாலு பேர் சட்டைக் கையை மடித்துக்கொண்டு நிற்பார்கள். ஆனால் நோயாளியின் ரத்தத்தில் கொஞ்சம் சிறு குழாயில் எடுத்து, முதலில் ரத்த வங்கிக்குத்தான் அனுப்புவார்கள். தம்பியே நிற்கிறானே, சொந்த ரத்தமாயிற்றே, உயிர் போகிற நேரத்தில் சோதனை எதற்கு என்று கோபம்கூட வரும். சொந்தத் தம்பியின் ரத்தமும் ஆளைக் கொல்லக்கூடும் என்பதற்குக் காரணம் கண்டவர் டாக்டர் கார்ல் லாண்ட்ஸ்டைனர்.

ஆஸ்திரியா நாட்டில் வியன்னாவுக்கு அருகேயுள்ள பாடன் என்ற ஊரில் 1868 ஜூன் 14ல் பிறந்தார். தகப்பனார் பத்திரிகை ஆசிரியர். மகனுக்கு ஆறு வயதிருக்கும்போதே அவர் காலமாகிவிட, தாயார்தான் வளர்த்து ஆளாக்கினார். அந்தத் தாயார் இறந்தபோது முகத்தை அச்செடுத்து, கடைசிவரை தம் அறைச் சுவரில் மாட்டி வைத்திருந்தாராம். 1891ல் டாக்டர் பட்டம் பெற்றவர், மேலும் ரசாயனம் படித்தார். பிறகு வியன்னாவில் பத்தாண்டுகள் பிரேதப் பரிசோதனை வேலை. 3,600க்கும் மேற்பட்ட சடலங்களை அறுத்துப் பார்த்திருக்கிறார்.

அக்காலத்தில் ரத்தம் ஏற்றுவது சூதாட்டம் மாதிரி. சிலர் பிழைத்தார்கள். சிலர் குளிர் நடுக்கம் கண்டு, சிறுநீர் கறுத்து மாண்டார்கள். ஏன் என்று தெரியாமல் டாக்டர்கள் பலர் அதைக் கைவிட்டே விட்டார்கள்.

லாண்ட்ஸ்டைனர் தம் ரத்தத்தையும், கூட வேலை பார்த்தவர்களின் ரத்தத்தையும் எடுத்தார். தெளிந்த நீரையும் சிவப்பு அணுக்களையும் தனித்தனியே பிரித்து, ஒருவருடையதை இன்னொருவருடையதோடு கலந்தார். சில கலவைகள் சும்மா இருந்தன. சில, திரிந்த பால் போலக் கட்டி கட்டியாயின. எல்லாருமே நோய் நொடி இல்லாதவர்கள்தான்! மனித ரத்தத்தில் மூன்று வகை உண்டு என்று 1901ல் எழுதினார். நான்காவது வகையான ஏபியை மறு ஆண்டே அவருடைய சகாக்கள் கண்டார்கள்.

இவ்வளவு பெரிய விஷயத்தைப் பல ஆண்டுகள் யாரும் பெரிதாக மதிக்கவில்லை என்பதுதான் வேடிக்கை. 1907ல் நியூயார்க்கில் ரூபன் ஆட்டன்பர்க் என்ற டாக்டர், ரத்தத்தை ஒத்துப் பார்த்த பின்பே ஏற்றத் தொடங்கினார். ஆஸ்பத்திரிகளில் இன்று கிராஸ் மாட்ச் என்கிறார்களே, அது இதுதான்.

முதல் உலகப் போருக்குப் பின் வியன்னாவில் பிழைக்க வழியில்லாமல் ஹாலந்து போன லாண்ட்ஸ்டைனர், அங்கிருந்து அமெரிக்காவில் குடியேறினார். 1930ல் நோபல் பரிசு கிடைத்தது. வேலையை அவர் விடவில்லை. ஓ வகைப் பெண் ஒருத்திக்கு அதே ஓ வகைக் கணவனின் ரத்தம் ஏற்றியும் ஒத்துக்கொள்ளாமல் போன சம்பவம் 1939ல் வெளிவந்தது. மறு ஆண்டில் லாண்ட்ஸ்டைனரும் வீனரும் ஆர்.எச். என்ற அம்சத்தை அறிவித்தார்கள். பாசிட்டிவ், நெகட்டிவ் என்று நாம் சொல்வது அதைத்தான். சோதனைக்கும் நேரமில்லாத அவசரத்தில் ஓ நெகட்டிவ் ரத்தம் ஏற்றுவது இதனால்தான். நம் நாட்டில் நெகட்டிவ் வகையினர் நூற்றுக்கு ஐந்து பேர் அளவில்தான் என்பதால், அது எப்போதும் கைவசம் இருக்கும் என்று நம்பியிருக்க முடியாது.

ரத்தத்தோடு வரும் நோய் வேறு சங்கதி. எய்ட்ஸ், மஞ்சள் காமாலைக் கிருமிகளுக்கான சோதனைகள் அவர் காலத்துக்குப் பின் வந்தவை. காசுக்கு ரத்தம் விற்பது நம் நாட்டில் 1998 ஜனவரி முதல் தடை செய்யப்பட்டது.

1943 ஜூனில் ஒரு நாள், ஆராய்ச்சிக் கூடத்தில் கண்ணாடிக் குழாயைக் கையில் பிடித்தபடியே லாண்ட்ஸ்டைனர் மாரடைப்பில் சாய்ந்தார். இரண்டு நாள் கழித்து, 26ம் தேதி உயிர் பிரிந்தது. வயது 75. அவர் பிறந்த ஜூன் 14தான் இன்று உலக ரத்த தான தினம்.