ஜிம் கார்பெட்

எட்வர்டு ஜேம்ஸ் கார்பெட் (ஜூலை 25, 1875 – ஏப்ரல் 19, 1955) இந்தியாவில் பிறந்த பிரித்தானிய வேட்டைக்காரர், எழுத்தாளர், இயற்கைப் பாதுகாவலர் ஆவார். ஜிம் கார்பெட் என்ற பெயரால் பரவலாக அறியப்படுகிறார். இன்றைய உத்தராகண்ட மாநிலத்தின் குமாயுன், கார்வால் மலைப் பகுதிகளில் மனிதர்களைக் கொன்று தின்ற புலிகளையும் சிறுத்தைகளையும் வேட்டையாடியதற்காகப் புகழ் பெற்றார். பிற்காலத்தில் புலிகளைக் காக்க வேண்டும் என்று குரல் கொடுத்தவர்களுள் முன்னோடியாக விளங்கினார். அவர் பயன்படுத்திய துப்பாக்கிகளும், அவற்றைத் தேவைக்கேற்ப அவர் தேர்ந்தெடுத்த முறையும் அவரது வாழ்க்கை வரலாற்றின் முக்கியமான பகுதியாகும்.

இளமைக்காலம்

கார்பெட் நைனிதாலில் பிறந்தார். தந்தை கிறிஸ்டோபர் வில்லியம் கார்பெட் அவ்வூரின் அஞ்சல் அதிகாரியாக இருந்தார். கார்பெட் சிறுவனாக இருந்தபோதே தந்தை இறந்துவிட்டதால், தாய் மேரி ஜேன் பெரிய குடும்பத்தைத் தனியே நடத்த வேண்டியதாயிற்று. கோடைக்காலத்தை நைனிதாலிலும் குளிர்காலத்தை மலையடிவாரத்தில் உள்ள காலாதுங்கியிலும் குடும்பத்தினர் கழித்தனர். காலாதுங்கியைச் சுற்றியிருந்த காடுகளில் பறவைகளின் குரல்களையும் விலங்குகளின் காலடித் தடங்களையும் அவர் கற்றுக்கொண்டார்.

முதல் துப்பாக்கிகள்

கவண், உண்டிவில் ஆகியவற்றுக்குப் பின் கார்பெட்டுக்குக் கிடைத்த முதல் துப்பாக்கி பழுதடைந்த ஒன்றாகும். அது குழலின் வாய் வழியாக வெடிமருந்தைக் கெட்டிக்கும் பழைய வகை இரட்டைக் குழல் துப்பாக்கி. அளவுக்கு மீறி மருந்து கெட்டித்ததால் அதன் வலக் குழல் பிளந்திருந்தது. உடைந்த மரக்கட்டை பித்தளைக் கம்பியால் குழலோடு சேர்த்துக் கட்டப்பட்டிருந்தது. இடக் குழல் மட்டுமே பயன்பட்டது. ஒருமுறை சுட்டபின் மீண்டும் கெட்டிக்க நேரமாகும் என்பதால், விலங்கை நெருங்கிச் சென்று ஒரே குண்டில் வீழ்த்தும் பழக்கம் அவருக்குச் சிறு வயதிலேயே ஏற்பட்டது.

பள்ளிப் பருவத்தில் நைனிதாலின் தன்னார்வப் படையின் மாணவர் பிரிவில் சேர்ந்தார். ஒரு குறிபார்க்கும் பயிற்சியின்போது அவரது ரைபிளின் குறிக்காட்டி தவறான தொலைவுக்கு நகர்ந்துவிட்டது. பதற்றத்தில் அவர் அதைக் கவனிக்கவில்லை. பயிற்சியைப் பார்வையிட வந்திருந்த படைத்தலைவர் அதைச் சரிசெய்து, அவசரப்படாமல் சுடுமாறு அறிவுறுத்தினார். அவர் பின்னாளில் பீல்டு மார்சல் பட்டம் பெற்ற ராபர்ட்ஸ் பிரபு ஆவார். இதன் பின்னர் .450 மார்ட்டினி வகை ரைபிள் ஒன்று கார்பெட்டுக்கு இரவலாகக் கிடைத்தது. ஒரு முறைக்கு ஒரு தோட்டா மட்டுமே போடத்தக்க அந்த ரைபிளைக் கொண்டே தமது முதல் சிறுத்தையை அவர் வீழ்த்தினார்.

இரயில்வேப் பணி

குடும்பச் சூழல் காரணமாக இளம் வயதிலேயே இரயில்வேயில் வேலைக்குச் சேர்ந்தார். பின்னர் பீகாரில் கங்கைக் கரையில் உள்ள மொகாமே காட் என்னுமிடத்தில் சரக்குகளை மாற்றி ஏற்றும் ஒப்பந்தக்காரராக இருபது ஆண்டுகளுக்கும் மேல் பணியாற்றினார். ஆட்கொல்லி விலங்குகளை வேட்டையாட விடுப்பு எடுத்துக்கொண்டே சென்று வந்தார்.

சம்பாவத் புலி

நேபாளத்தில் 200 பேரையும் குமாயுனில் 236 பேரையும் கொன்றதாகக் கணக்கிடப்பட்ட சம்பாவத் பெண்புலியை 1907-இல் கார்பெட் வேட்டையாடினார். அப்போது அவரிடம் .500 இரட்டைக் குழல் ரைபிள் இருந்தது. ஆனால் மூன்று தோட்டாக்களை மட்டுமே அவர் எடுத்துச் சென்றிருந்தார். மூன்றும் தீர்ந்தபோது காயமுற்ற புலி இன்னும் உயிரோடு இருந்தது. எனவே உடன் வந்த தாசில்தாரின் பழைய துப்பாக்கியை வாங்கிச் சுட வேண்டியதாயிற்று. குழலுக்கும் அடிப்பகுதிக்கும் இடையே இடைவெளி விழுந்திருந்த அத்துப்பாக்கியின் குண்டு, குறிவைத்த இடத்தில் படாமல் புலியின் பாதத்தில் பட்டது. முன்னர் பட்ட குண்டுகளாலேயே புலி இறந்தது.

இறந்த புலியை ஆராய்ந்தபோது அதன் வலப்பக்க மேல், கீழ்க் கோரைப் பற்கள் உடைந்திருப்பது தெரியவந்தது. முன்பு யாரோ சுட்ட குண்டினால் ஏற்பட்ட இக்காயமே அதை இயல்பான இரையை விட்டு மனிதரைத் தேடச் செய்தது என்று கார்பெட் கருதினார். அவர் 1938-இல் வீழ்த்திய தக் பெண்புலியின் உடலிலும் பழைய குண்டுக் காயங்கள் காணப்பட்டன. குறி தவறிய அல்லது வலுக்குறைந்த குண்டு விலங்கைக் கொல்லாமல் ஊனப்படுத்துகிறது. அதன் விலையை ஊர் மக்கள் உயிரால் கொடுக்க நேரிடுகிறது. அவரது நூல்களில் மீண்டும் மீண்டும் வெளிப்படும் கருத்து இதுவே.

ரிக்பி ரைபிள்

சம்பாவத் வேட்டையைப் பாராட்டி, ஐக்கிய மாகாணத்தின் துணைநிலை ஆளுநர் சர் ஜான் ஹியூவெட் .275 ரிக்பி ரைபிளைக் கார்பெட்டுக்குப் பரிசளித்தார். ஜெர்மனியின் மவுசர் அமைப்பைக் கொண்டு இலண்டனின் ஜான் ரிக்பி நிறுவனம் உருவாக்கிய ரைபிள் அது. பரிசளிப்பைக் குறிக்கும் தகடு அதன் மரக்கட்டையில் பதிக்கப்பட்டுள்ளது. எடை குறைவானதாகவும் துல்லியமானதாகவும் இருந்ததால் மலைப் பாதைகளில் நெடுந்தொலைவு நடக்க அது ஏற்றதாயிற்று. புலிகளை எதிர்கொள்ளும்போது, எடை மிகுந்த .450/400 இரட்டைக் குழல் ரைபிளையும் அவர் பயன்படுத்தினார்.

இவ்விரண்டின் வேறுபாட்டைக் குண்டின் எடையைக் கொண்டு அறியலாம். .275 ரிக்பியின் குண்டு ஏறத்தாழ 9 கிராம், .450/400 ரைபிளின் குண்டு ஏறத்தாழ 26 கிராம் எடை கொண்டவை. இன்று விளையாட்டுப் போட்டிகளில் பயன்படும், விளிம்பில் தட்டி வெடிக்கும் .22 வகைத் தோட்டாவின் குண்டு 2.6 கிராம் அளவே இருக்கும். அது பயிற்சிக்கு ஏற்றதேயன்றிப் பெரிய விலங்குகளுக்கு ஏற்றதன்று. கார்பெட்டின் மேற்கண்ட இரு ரைபிள்களும் தோட்டாவின் அடிநடுவில் தட்டி வெடிக்கும் வகையைச் சேர்ந்தவை.

ருத்ரபிரயாகை சிறுத்தை

கேதார்நாத், பத்ரிநாத் ஆகிய தலங்களுக்குச் செல்லும் வழியில் 1918 முதல் 1926 வரை 125 பேரைக் கொன்ற சிறுத்தை ருத்ரபிரயாகை ஆட்கொல்லி எனப்பட்டது. அது இரவில் மட்டுமே நடமாடியது. இருளில் குறிக்காட்டி தெரியாது என்பதால் ரைபிளுடன் மின்விளக்கைப் பொருத்த வேண்டியிருந்தது. விளக்கின் எடையும், மின்கலம் தீர்ந்துபோகும் ஆபத்தும் இதில் இருந்த இடர்ப்பாடுகள் ஆகும். 1926 மே மாதத் தொடக்கத்தில், குலாப்ராயில் ஒரு மாமரத்தின் மீது காத்திருந்த கார்பெட், கீழே கட்டிய ஆட்டின் கழுத்து மணி ஒலித்தவுடன் விளக்கை ஏற்றி ரிக்பி ரைபிளால் சுட்டார். சிறிது நேரத்தில் விளக்கு மங்கி அணைந்தது. சிறுத்தை இறந்துவிட்டதை உறுதிசெய்யப் பொழுது விடியும்வரை அவர் காத்திருக்க வேண்டியிருந்தது.

இயற்கைப் பாதுகாப்பு

1920-களின் பிற்பகுதியிலிருந்து கார்பெட் வேட்டையைக் குறைத்துக்கொண்டு திரைப்படக் கருவியால் புலிகளைப் படம் பிடிப்பதில் ஈடுபட்டார். இந்தியாவின் முதல் தேசியப் பூங்காவான ஹெய்லி தேசியப் பூங்கா 1936-இல் அமைக்கப்பட உறுதுணையாக இருந்தார். அவரது மறைவுக்குப் பின் அப்பூங்காவுக்கு அவர் பெயர் சூட்டப்பட்டது. புலிகள் பாதுகாப்புத் திட்டம் 1973-இல் அங்குதான் தொடங்கப்பட்டது. இந்தோசீனப் புலியின் அறிவியற் பெயரிலும் 1968-இல் அவர் பெயர் இடம்பெற்றது.

நூல்கள்

1944-இல் வெளிவந்த குமாயுன் ஆட்கொல்லிகள் பற்றிய நூல் அவருக்கு உலகப் புகழைத் தேடித் தந்தது. இந்நூலைக் குமாயுன் புலிகள் என்ற பெயரில் தி. ஜ. ர. தமிழில் மொழிபெயர்த்துள்ளார். ருத்ரபிரயாகைச் சிறுத்தை பற்றிய நூலும், மை இந்தியா (1952), ஜங்கிள் லோர் (1953) ஆகியவையும் அவரது பிற நூல்களுள் சில. இவற்றுள் கடைசி நூலில் தமது முதல் துப்பாக்கிகளைப் பற்றி விரிவாக எழுதியுள்ளார்.

இறுதிக்காலம்

கார்பெட் திருமணம் செய்துகொள்ளவில்லை. 1947-இல் தமக்கை மேகியுடன் இந்தியாவை விட்டுச் சென்று கென்யாவின் நையேரி நகரில் குடியேறினார். அங்கேயே 1955-இல் மாரடைப்பால் காலமானார். காலாதுங்கியில் அவர் வாழ்ந்த வீடு அருங்காட்சியகமாக உள்ளது. அவரது .275 ரைபிளை ரிக்பி நிறுவனம் 2015-இல் மீண்டும் பெற்றது. அடுத்த ஆண்டு அது இந்தியாவுக்குக் கொண்டுவரப்பட்டு, அவர் நடந்த காட்டுப் பகுதியில் மக்களுக்குக் காட்டப்பட்டது. 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தால் புலி வேட்டை முற்றிலும் தடை செய்யப்பட்டுவிட்டதால், அந்த ரைபிள் இன்று ஒரு வரலாற்றுப் பொருளாக மட்டுமே போற்றப்படுகிறது.