திரும்பத் திரும்ப வள்ளி திருமணமா?

இன்னைக்கு ஒரு பஞ்சாயத்தோட வந்திருக்கேன்.

உத்திரமேரூர் பக்கம் எங்க கிராமத்துல பங்குனி உத்திர ராத்திரிக்கு என்ன வைக்கலாம்னு பேசினோம். பெரியவங்க வழக்கம்போல வள்ளி திருமணம் நாடகம்னாங்க. எத்தனை தடவைதான் அதையே பார்க்கிறது, பாட்டுக் கச்சேரி வைங்கன்னு நாங்க இளசுங்க சொன்னோம். குடவோலை முறைக்குப் பேர்போன ஊர்ப் பக்கம்தான், ஆனா முடிவு எடுக்காமலே எழுந்துட்டோம்!

வீட்டுக்கு வந்ததும் அந்த நாடகத்துக்குப் பேர் வாங்கித் தந்தவரைப் பத்திப் படிச்சேன். தவத்திரு சங்கரதாஸ் சுவாமிகள். 1867-ல் தூத்துக்குடி பக்கம் காட்டுநாயக்கன்பட்டியில் பிறந்தவர். பழனி தண்டபாணி சுவாமிகளிடம் தமிழ் படித்தார். உப்புப் பண்டகசாலையில் கணக்கு எழுதிக்கொண்டிருந்தவர், 24 வயதில் நாடகத்துக்கு வந்துவிட்டார். எமன், சனீஸ்வரன், இரணியன் மாதிரி வேஷங்கள்தான் அவருக்கு. அவர் வேஷத்தைப் பார்த்து மிரண்ட ஒரு பெண்ணுக்கு விபரீதம் நேர்ந்ததாகச் சொல்வார்கள். அதோடு வேஷத்தை விட்டுவிட்டு எழுத்திலும் பயிற்சியிலும் இறங்கினார். காவி கட்டித் துறவி ஆனாலும் நாடகத்தை மட்டும் துறக்கவில்லை.

அபிமன்யு சுந்தரியை ஒரே ராத்திரியில் எழுதி முடித்தார் என்பார்கள். மேடையில் நடிகர்கள் வாய்க்கு வந்ததைப் பேசிய காலத்தில் பாட்டும் வசனமும் எழுதிக் கொடுத்து நாடகத்தை ஒழுங்குக்குக் கொண்டுவந்தார். பெரிய நடிகர்களைக் கட்டி மேய்க்க முடியாமலோ என்னவோ, 1918-ல் மதுரையில் சிறுவர்களை வைத்தே தத்துவ மீனலோசனி வித்துவ பால சபையைத் தொடங்கினார். டி.கே.எஸ். சகோதரர்கள் அங்கே வளர்ந்தவர்கள்தான். பக்கவாதத்தில் விழுந்து, 1922 நவம்பர் 13-ல் புதுச்சேரியில் காலமானார். கருவடிக்குப்பத்தில் சமாதி இருக்கிறது.

இதையெல்லாம் படிச்சப்போ ஒண்ணு புரிஞ்சுது. மதுரை, புதுக்கோட்டைப் பக்கம் ஸ்பெஷல் நாடகத்துல வள்ளி ஒரு ஊர், முருகன் ஒரு ஊர், நாரதர் வேற ஊர். ஒத்திகையே கிடையாது, நேரா மேடையிலதான் சந்திக்கிறாங்க. எல்லாருக்கும் சுவாமிகள் பாடம் மனப்பாடம்ங்கிறதாலதான் அது நடக்குது. வள்ளியும் நாரதரும் பண்ற தர்க்கம் ஒவ்வொரு ராத்திரியும் வேற மாதிரி போகும். அந்தத் தர்க்கம் வர்றதுக்குள்ள நான் எத்தனை வருஷம் தூங்கிப் போயிருக்கேன்!

கதையும் நம்ம மண்ணோடது. காஞ்சி குமரகோட்டத்தில் கச்சியப்பர் அரங்கேற்றிய கந்தபுராணம் முடியறதே வள்ளியம்மை திருமணத்துலதான்.

ஆனா ஒரு குறை எனக்கு இன்னும் இருக்கு. பாதிப் பாட்டை வெட்டிட்டு, பபூன் இரட்டை அர்த்தம் பேசி, நடுவுல சினிமாப் பாட்டு போட்டா, அது சுவாமிகள் நாடகமே இல்லை. பவளக்கொடி, சத்தியவான் சாவித்திரின்னு அவர் எழுதினது இன்னும் எவ்வளவோ இருக்கே, அதுல ஒண்ணையும் கேட்கலாமே.

அடுத்த கூட்டத்துல நான் பெரியவங்க பக்கம்தான். முழு நாடகம், விடியற வரைக்கும், சினிமாப் பாட்டு கூடாதுன்னு கேட்கப் போறேன். கச்சேரிக்காரப் பசங்க என்னை என்ன பண்ணப் போறாங்களோ, முருகன்தான் காப்பாத்தணும்!