யுத்த நாட்களில் ஒரு சமாதானத் தூதன்
(சுவார்ட்ஸ் ஐயரின் வாழ்க்கை)

 

சமாதானம் எங்கே கிடைக்கும்? நம்ம ஓசூர், கிருஷ்ணகிரி பக்கத்தில் இன்றைக்கு வீட்டுக்கு வீடு இதே கேள்விதான். சிப்காட்டில் காண்ட்ராக்ட் வேலை. அடுத்த மாசம் கேட்டுக்குள்ளே விடுவாங்களோ இல்லையோ தெரியாது. இன்னொரு பக்கம், எல்லையோரத்துப் பயம். 1991-ல் காவிரிக் கலவரத்தில் நம் ஜனங்கள் பெங்களூரில் வீடுவாசலை விட்டு ஓடி வந்தார்கள். 2016-ல் பஸ் எல்லாம் நின்றுபோய், அத்திப்பள்ளியிலிருந்து ஜுஜுவாடி வரைக்கும் மூட்டையும் பிள்ளையுமாக நடந்து வந்தார்கள்.

இந்த எல்லைக்குக் கலக்கம் புதுசு இல்லை. 200 வருஷத்துக்கும் முன்னே கிருஷ்ணகிரி மலைக்கோட்டையும் ஓசூர் கோட்டையும் மைசூர் ஐதர் அலியின் கையில் இருந்தன. அவருக்கும் ஆங்கிலேயக் கம்பெனிக்கும் ஓயாத பகை. அந்தப் பகையின் நடுவே கையில் ஒரு கத்திகூட இல்லாமல் நடந்துபோன ஒரு தேவ மனிதனைப் பற்றித்தான் இம்மாதம் தியானிக்கப் போகிறோம்.

கிறிஸ்தியான் பிரெடரிக் சுவார்ட்ஸ் 1726-ல் ஜெர்மனி தேசத்தாரின் பிரஷ்ய ராஜ்யத்தில் சோன்னன்பர்க் என்ற சிற்றூரில் பிறந்தார். சிறு பிள்ளையாக இருக்கும்போதே தாய் மரித்துப் போனார். சாகுமுன் அந்தத் தாய் பிள்ளையை ஊழியத்துக்கென்று தேவனுக்கு ஒப்புக்கொடுத்திருந்தார். தாய்மாரே, உங்கள் ஜெபம் வீண்போகாது! ஹாலே பட்டணத்தில் படிக்கிறபோதே சுவார்ட்ஸ் தமிழ் கற்க ஆரம்பித்தார். 1750-ல் தரங்கம்பாடியில் வந்து இறங்கினார். அதற்குப்பின் 48 வருஷம் அவர் ஊருக்குத் திரும்பிப் போகவே இல்லை. கல்யாணமும் பண்ணிக்கொள்ளவில்லை. திருச்சிராப்பள்ளியில் ஆலயம் கட்டினார், அநாதைப் பிள்ளைகளைச் சேர்த்துப் படிக்க வைத்தார். 1778-ல் தஞ்சாவூரில் குடியேறினார். தமிழ், மராத்தி, பாரசீகம், இந்துஸ்தானி என்று யாரோடு பேசினாலும் அவரவர் பாஷையிலேயே பேசினார்.

1779-ல் சோதனை வந்தது. முந்தின உடன்படிக்கையில் கொடுத்த வாக்கைக் கம்பெனி காப்பாற்றவில்லை என்று ஐதர் அலிக்குக் கோபம். அந்த வருஷம் மாஹேயையும் கம்பெனி பிடித்துக்கொண்டது. யுத்தம் வரும் என்று எல்லாருக்கும் தெரிந்தது. சென்னையின் கவர்னர் ரம்போல்ட், சமாதானம் பேசப் போகும்படி சுவார்ட்ஸ் ஐயரைக் கேட்டுக்கொண்டார். அரசியலில் போதகருக்கு என்ன வேலை என்று அவர் தயங்கினார். ஆனாலும் இரத்தம் சிந்துவதைத் தடுக்க ஒரு வாசல் திறந்தால் ஊழியக்காரன் ஒதுங்கி நிற்கக் கூடாது என்று தீர்மானித்தார். ஒரு நிபந்தனை மட்டும்: தனக்கென்று ஒரு காசு வாங்கமாட்டார்!

அவர் நம்ம ஊர் வழியாக வரவில்லை. கரூர் தாண்டி, கஜலட்டிக் கணவாய் ஏறி, ஸ்ரீரங்கப்பட்டணம் போய்ச் சேர்ந்தார். ஐதர் அலி அவரை மரியாதையாய் ஏற்றுக்கொண்டார். கோட்டைப் பக்கத்தில் கூடாரம் போட்டுக் கொடுத்தார். அங்கே ஐதரின் படையில் வேலை செய்த ஐரோப்பியர்களுக்கு ஐயர் ஆராதனை நடத்தினார், யாரும் தடுக்கவில்லை. வழிச்செலவுக்கென்று ஐதர் கொடுத்த 300 ரூபாயை என்ன பண்ணினார் தெரியுமா? கவர்னரிடம் ஒப்படைத்தார். அவர்கள் வற்புறுத்தித் திருப்பிக் கொடுத்தபோது பிள்ளைகளின் பள்ளிக்கூடத்துக்கு வைத்துவிட்டார்.

பிரியமானவர்களே, கவனியுங்கள்! அந்தப் பயணம் பலிக்கவில்லை. 1780-ல் ஐதர் பெரும் படையோடு கணவாய்களில் இறங்கினார். ஊர்கள் எரிந்தன, பஞ்சம் வந்தது. எவ்வளவு ஜெபித்திருப்பார்! ஜெபித்தும் யுத்தம் வந்துவிட்டதே! நம்மில் எத்தனை பேர் இந்த இடத்தில் சோர்ந்து உட்கார்ந்துவிடுகிறோம்?

அவர் உட்காரவில்லை. தஞ்சாவூர்க் கோட்டைக்குள் ஜனங்கள் பட்டினி. வெளியே கிராமங்களில் நெல் இருந்தது, கொண்டுவர மாடு கொடுக்க ஆள் இல்லை. ஏன்? அதிகாரிகள் முன்பு மாட்டை வாங்கிக்கொண்டு கூலி கொடுக்காமல் ஏமாற்றியிருந்தார்கள். ராஜாவின் வாக்கையும் யாரும் நம்பவில்லை, கம்பெனியின் வாக்கையும் நம்பவில்லை. கடைசியில் ராஜா சுவார்ட்ஸ் ஐயரிடம் வந்து நின்றார். ஐயர் தன் பேரில் வாக்குக் கொடுத்தார். இரண்டொரு நாளில் ஆயிரம் மாடுகள் வந்தன! விசுவாசிகள் உயிரைப் பணயம் வைத்துப் போய், கொஞ்ச நாளில் 80,000 கலம் நெல்லைக் கோட்டைக்குள் சேர்த்தார்கள். கூலி பாக்கி வைக்காமல் எல்லாருக்கும் கொடுக்கப்பட்டது.

அந்த யுத்தத்தின் நடுவிலும் ஐதர் அலி, இந்தப் பாதிரியாரை யாரும் தொடக்கூடாது, போக விடுங்கள் என்று தன் சேனாபதிகளுக்குக் கட்டளை கொடுத்திருந்தார். எதிரியின் பாளயத்திலும் அவர் தேவ மனிதனாக அறியப்பட்டார். அல்லேலூயா! 1783-ல் திப்பு சுல்தானிடம் சமாதானம் பேச மறுபடியும் புறப்பட்டார். சத்தியமங்கலத்தில் தடுத்துத் திருப்பி அனுப்பினார்கள். அதனாலும் அவர் மனம் கசக்கவில்லை. திரும்பி வந்து ஊழியத்தைத் தொடர்ந்தார்.

1787-ல் துளஜா மகாராஜா மரிக்கும் தறுவாயில், தான் சுவீகாரம் எடுத்த சரபோஜியை ஐயரின் பொறுப்பில் விட்டார். 1798 பிப்ரவரி 13-ந் தேதி ஐயர் தஞ்சாவூரில் கர்த்தருக்குள் நித்திரையடைந்தார். சரபோஜி மன்னர் ஞானஸ்நானம் எடுக்கவில்லை. ஆனாலும் தகப்பனை இழந்த மகனைப்போல் அழுதார். ஐயரின் மரணப் படுக்கையருகே தான் நிற்கிறதாகப் பளிங்கில் சிற்பம் செய்ய ஏற்பாடு பண்ணினார். தஞ்சாவூர் சிவகங்கைத் தோட்டத்துப் பக்கத்து ஆலயத்தில் அதை இன்றும் பார்க்கலாம்.

இதில் நமக்கு என்ன? புயல் அடிக்கும்போதே படகில் நித்திரை செய்தாரே நம் ஆண்டவர், அந்தச் சமாதானம் ஐயருக்குள் இருந்தது. நிலைமை மாறினால்தான் சமாதானம் என்று அவர் காத்திருக்கவில்லை. அவருக்குள் இருந்த சமாதானம் ஊருக்குச் சாப்பாடு ஆயிற்று.

சகோதரனே, கம்பெனியில் நீ சூப்பர்வைசரா? உன் வார்த்தையை நம்பி ஒருத்தன் மாட்டை அவிழ்த்துக் கொடுப்பானா? உன்கிட்ட வேலை செய்தவன் கூலி பாக்கி நிற்கிறதா? இந்த வாரமே கொடுத்துவிடு. சகோதரியே, பக்கத்து வீட்டில் கன்னடம் பேசுகிற குடும்பமா? அடுத்த பந்த் வருகிறவரைக்கும் காத்திருக்காதே, இன்றைக்கே போய்க் கதவைத் தட்டு. வேலை போய்விட்டது, ஜெபம் பலிக்கவில்லை என்று கலங்குகிறவர்களே, ஸ்ரீரங்கப்பட்டணத்திலிருந்து வெறுங்கையோடு திரும்பிய ஐயரை நினைத்துக்கொள்ளுங்கள். அதற்குப் பிறகுதான் கர்த்தர் அவரை அதிகமாய் உபயோகித்தார்.

சமாதானப் பிரபு தாமே உங்கள் வீட்டையும் நம் எல்லைகளையும் காப்பாராக! ஆமென்.