சொற்கலைஞர் சிசரோ

சிற்பிக்குக் கல்லும் உளியும் உண்டு. இசைவாணருக்குப் பண்ணும் தாளமும் உண்டு. கேட்போர் உள்ளத்தைத் தம் கருத்தின்பால் ஈர்க்கும் பேச்சாளருக்குச் சொல் ஒன்றே கருவி. அவர்தம் திறனைக் கலை எனலாமா? கிரேக்க அறிஞர் பிளேட்டோ, தம் நூலொன்றில் சாக்ரடீசின் வாயிலாக அதனை மறுத்தார். நாவுக்கு இனிமை தரும் சமையலைப் போன்று, செவிக்கு இனிமை தரும் பழக்கத்திறனே அது என்பது அவர் காட்டிய வாதம். மூன்று நூற்றாண்டுகளுக்குப் பின் உரோம் நகரில் அவ்வினாவை மீண்டும் எழுப்பி, நூலாலும் வாழ்வாலும் விடை தேடியவர் சிசரோ.

இளமையும் பயிற்சியும்

மார்க்கஸ் துல்லியஸ் சிசரோ கி.மு. 106இல், உரோமுக்குத் தென்கிழக்கே உள்ள அர்ப்பினம் என்னும் சிற்றூரில் பிறந்தார். வளமான குடும்பமே எனினும், அவர்தம் முன்னோருள் எவரும் ஆட்சிமன்றமாகிய செனட்டில் இடம்பெற்றதில்லை. குடிப்பெருமையும் போர்வெற்றியும் உயர்பதவிக்கு வழிவகுத்த அந்நகரில், அவர் நம்பியது தம் சொல்லாற்றலையே. அந்நாளின் பெரும் பேச்சாளர்களான கிராசஸ், அந்தோனியஸ் ஆகியோரின் உரைகளைக் கேட்டு வளர்ந்தார். சட்டமும் தத்துவமும் பயின்றார்.

கி.மு. 80இல், தந்தையைக் கொன்றதாகக் குற்றஞ்சாட்டப்பட்ட ரோஸ்கியஸ் என்பவருக்காக வாதாடினார். அக்கொலையால் பயனடைந்தவர்களுள், சர்வாதிகாரி சுல்லாவுக்கு நெருக்கமானவரும் ஒருவர். அதனை அவையில் வெளிப்படையாக எடுத்துரைக்க 26 வயது இளைஞர் தயங்கவில்லை; வழக்கில் வென்றார்.

மெலிந்த உடலினரான அவர், உச்சக் குரலில் ஓயாது முழங்கியதால் உடல்நலம் குன்றியது. பேசுவதையே விட்டுவிடுமாறு நண்பர்களும் மருத்துவர்களும் அறிவுறுத்தினர். அவரோ பேச்சை விடாமல், பேசும் முறையை மாற்ற முனைந்தார். கிரேக்கத்துக்கும் ஆசியா மைனருக்கும் சென்றார். ரோட்ஸ் தீவில் மோலோன் என்னும் ஆசிரியரிடம் குரலையும் சொற்பெருக்கையும் கட்டுப்படுத்தக் கற்றார். ஈராண்டுகள் கழித்து உரோமுக்குத் திரும்பியவர் பண்பட்ட பேச்சாளராக இருந்தார்.

பேச்சும் எழுத்தும்

சிசிலித் தீவை ஆண்டு கொள்ளையடித்த ஆளுநர் வெர்ரஸ் மீது கி.மு. 70இல் வழக்குத் தொடுத்தபோது, சிசரோ முதலில் தேடியது அணிநயத்தை அன்று, சான்றுகளை. 50 நாள்கள் அத்தீவில் அலைந்து கணக்கேடுகளையும் சாட்சிகளையும் திரட்டினார். வழக்கை மறு ஆண்டுக்கு இழுத்தடிக்க எதிர்த்தரப்பு முயன்றது. அதனை உணர்ந்த சிசரோ, நீண்ட உரையைக் கைவிட்டுச் சாட்சிகளை உடனே அவையில் நிறுத்தினார். தீர்ப்புக்கு முன்பே வெர்ரஸ் நாட்டைவிட்டு அகன்றார். அவையில் பேசப்படாத உரைகளைச் சிசரோ பின்னர் எழுதி வெளியிட்டார். பேசாத பேச்சு எழுத்தாகி மக்களிடம் சென்றது.

வெற்றியும் விலையும்

கி.மு. 63இல் உரோமின் மிக உயர்ந்த பதவியாகிய கான்சல் பொறுப்பை ஏற்றார். ஆட்சியைக் கவிழ்க்கச் சதிசெய்த கேட்டிலைனை எதிர்த்து அவர் ஆற்றிய முதல் உரைக்குப் பின், கேட்டிலைன் நகரைவிட்டு வெளியேறினார். உடனிருந்து பிடிபட்ட ஐவரை என்செய்வது என்னும் வினா எழுந்தது. அவர்களைச் சிறையிலிடலாம் என்றார் சீசர். சிசரோவின் நிலைப்பாடோ கடுமையானது. செனட் அவர்களுக்கு எதிராக முடிவெடுத்தது. முறையான வழக்கு விசாரணையின்றி ஐவரும் கொல்லப்பட்டனர். நாட்டைக் காத்தவர் எனப் புகழப்பெற்ற சிசரோ, அச்செயலுக்காகவே கி.மு. 58இல் நாடு கடந்து வாழ நேர்ந்தது. அவரது இல்லமும் இடிக்கப்பட்டது. மறு ஆண்டு மக்கள் அவரை மீண்டும் அழைத்துக்கொண்டனர். அவையை வென்ற சொல் எப்போதும் அறத்தையும் வென்றுவிடுவதில்லை என்பதை அவர் வாழ்வே காட்டியது.

கலையா எனும் வினா

இத்துணைப் பட்டறிவுக்குப் பின், கி.மு. 55இல் பேச்சாளரைப் பற்றி மூன்று பகுதிகள் கொண்ட நூலை உரையாடல் வடிவில் இயற்றினார். தாம் இளமையில் கேட்ட கிராசசையும் அந்தோனியசையும் அதில் உரையாட வைத்தார். பேச்சாற்றல் இயல்பான திறமையாலும் இடைவிடாப் பயிற்சியாலும் அமைவது என்பது அந்தோனியசின் வாதம். சட்டம், வரலாறு, தத்துவம் அனைத்தும் அறிந்தவரே நிறைவான பேச்சாளர் என்பது கிராசசின் கருத்து. விதிகளிலிருந்து பேச்சு பிறப்பதில்லை. வல்லார் பேசியதை உற்றுநோக்கியே விதிகள் வகுக்கப்பட்டன என்றும் அவர் உரைத்தார். இலக்கியம் கண்டதற்கு இலக்கணம் இயம்பும் முறையே இது.

கி.மு. 52இல் மைலோ என்பவருக்காகச் சிசரோ வாதாட எழுந்தார். மன்றத்தைச் சுற்றிலும் படைவீரர்கள் நிற்க, எதிராளிகள் கூச்சலிட்டனர். சிசரோ நிலைகுலைந்தார், மைலோ நாடுகடத்தப்பட்டார். பின்னர் அவ்வுரையைச் செப்பமாக எழுதினார். அதனைப் படித்த மைலோ, இப்படியே பேசியிருந்தால் தமக்கு அயல்நாட்டு மீன்களை உண்ணும் வாய்ப்புக் கிட்டியிராது என்று நகைத்தாராம். வழக்கில் தோற்ற உரை, எழுத்தில் இன்றும் போற்றப்படுகிறது.

இறுதிக்குரல்

சீசர் கொல்லப்பட்டபின், தனியாட்சியை நாடிய மார்க் ஆண்டனிக்கு எதிராக 14 உரைகளை இயற்றினார். அவற்றுள் இரண்டாவது உரை பேசப்படவில்லை, எழுத்தாகவே பரவியது. ஆண்டனியும் ஆக்டேவியனும் கைகோத்ததும், கொல்லப்பட வேண்டியோர் பட்டியலில் சிசரோவின் பெயர் ஏறியது. கி.மு. 43 டிசம்பர் 7ஆம் நாள் அவர் வெட்டிக் கொல்லப்பட்டார். அவ்வுரைகளை எழுதிய கையும் தலையும் உரோமின் பேச்சு மேடையில் வைக்கப்பட்டன. ஆண்டனியின் பாட்டனாரே சிசரோவின் நூலில் பேசும் அந்தோனியஸ். அவரது தலையும் முன்னர் அதே மேடையில்தான் வைக்கப்பட்டிருந்தது.

பழக்கத்திறன் மட்டுமே எனில், காற்றடிக்கும் திசையில் பேசிச் சிசரோ உயிர்பிழைத்திருக்கலாம். அறிவும் பயிற்சியும் சொல்லைக் கலையாக்குகின்றன. அதனை எதன்பொருட்டுப் பயன்படுத்துகிறோம் என்பதே அக்கலைக்கு மதிப்பைத் தருகிறது. வென்றும் தவறியும் தோற்றும் சிசரோ கற்றுத்தந்த பாடம் இதுவே.