மூச்சுக்கு வழி கண்ட மெக்கின்டாஷ்

அறுவைக்கூடத்தில் கத்தி பிடித்தவரின் பெயரை ஊரே சொல்லும். நோயாளியின் தலைமாட்டில் நின்று மூச்சைக் காத்தவரை எவரும் கேட்பதில்லை. அவ்வாறு தலைமாட்டில் நின்ற பெருமகன் ஒருவரைப் பற்றியே எழுதுகிறேன்.

இராபர்ட் மெக்கின்டாஷ் 1897-ஆம் ஆண்டு நியூசிலாந்தில் பிறந்தார். முதல் உலகப் போரில் விமானியாகப் பறந்தவர், 1917-இல் சுட்டு வீழ்த்தப்பட்டு ஜெர்மானியரிடம் சிறைப்பட்டார். போருக்குப்பின் இலண்டனில் மருத்துவம் பயின்று மயக்கமருந்துத் துறையில் புகுந்தார். சைக்கிள் பழுதுபார்த்து வாழ்வைத் தொடங்கி, மோட்டார்த் தொழிலில் கொடிகட்டிப் பறந்தவர் நஃபீல்டு பிரபு. ஆக்ஸ்போர்டு பல்கலைக்கழகத்துக்கு நிதி வழங்கிய அவர், மயக்கமருந்துக்கும் ஒரு பேராசிரியர் வேண்டுமென்று பிடிவாதமாக நின்றார். 1937-இல் அப்பதவியேற்ற முதலாமவர் மெக்கின்டாஷ்.

மயங்கிக் கிடப்பவரின் மூச்சுக்குழாயில் குழல் செலுத்த, முதலில் குரல்வளை கண்ணுக்குத் தெரியவேண்டும். அதை மறைத்து நிற்பது குரல்வளை மூடி. நேரான அலகால் அம்மூடியையே தூக்குவது அந்நாளைய வழக்கம். மூடியின் அடிப்புறமோ உணர்ச்சி மிக்கது. மயக்கம் ஆழமாக இல்லாவிடில் தொண்டை இறுகிவிடும். தாமதம் உயிருக்கே உலை வைக்கும்.

ஒருநாள் டான்சில் அறுவைக்காக, வாயைத் திறந்து நிறுத்தும் கருவியைப் பொருத்தினார் மெக்கின்டாஷ். எதிர்பாராமல் குரல்வளை தெளிவாகத் தெரிந்தது! நாக்கின் அடிக்கும் மூடிக்கும் இடையிலுள்ள பள்ளத்தில் அலகின் நுனி அமர்ந்தால், நாக்கைத் தூக்கும்போதே மூடியும் எழும் என்பதைக் கண்டுகொண்டார். அன்று காலைப்பொழுது முடியுமுன்பே அவருடைய உதவியாளர் ரிச்சர்டு சால்ட், அத்தகைய அலகொன்றைக் கைப்பிடியில் பற்றவைத்துக் கொண்டுவந்தார். சோதித்தபோது வேலை செய்தது. 1943-இல் வளைந்த அலகுக் கருவியை லான்செட் மருத்துவ இதழில் அறிவித்தார். வளைவைவிட நுனி அமரும் இடமே முக்கியம் என்பது அவர் துணிபு.

என் தந்தை கோவை கணபதியில் லேத் பட்டறைத் தொழிலாளி. எங்கள் குடும்பத்தில் கல்லூரிப்படி ஏறிய முதல் ஆள் நான். ஆகவே சால்ட்டின் கைகளே என் நெஞ்சைத் தொடுகின்றன. அந்தக் கைகள் அருகில் இல்லையேல், பேராசிரியர் கண்டது அன்றே மறந்திருக்கவும் கூடும்.

1955-இல் சர் பட்டம் பெற்ற மெக்கின்டாஷ் 1989-இல் மறைந்தார். கேமரா பொருத்திய கருவிகள் வந்துவிட்ட இந்நாளிலும் அவருடைய அலகு உலகெங்கும் உயிர் காக்கிறது. வார்ப்படமும் லேத்தும் நிறைந்த கொங்கு மண்ணின் மாணவ நண்பர்களே, ஆய்வகத்தில் ஐயம் எழுந்தால் பக்கத்துப் பட்டறைக் கதவையும் தட்டுங்கள்!