சோனகத் தெருப் பட்டதாரி

நம் கல்லூரியில் படித்து இவ்வாண்டு பட்டம் பெற்றவர்களைப் பற்றி ஒரு கட்டுரை தரும்படி மலர்க்குழுத் தங்கைகள் என்னைக் கேட்டார்கள். அந்தச் சிலரில் நானும் ஒருத்தி. என்னைப் பற்றி எழுத அதிகமில்லை. ஆனால் பட்டமளிப்பு விழாவன்று யாழ்ப்பாணப் பல்கலைக்கழக வாசலில் என் கறுப்பு அங்கியைத் தடவிப் பார்த்த வாப்பும்மா ஒருவரின் பெயரைச் சொன்னார். அவரைப் பற்றி எழுதலாம் என்று தோன்றியது.

மர்ஹூம் ஏ.எம்.ஏ. அஸீஸ் 1911 ஒக்டோபர் 4ஆம் திகதி யாழ்ப்பாணம் வண்ணார்பண்ணையில் பிறந்தார். தந்தை எஸ்.எம். அபூபக்கர் சட்டத்தரணி. பிள்ளை முதலில் ஓதியது அல்லாப்பிச்சைக் குர்ஆன் மத்ரஸாவில். பிறகு வைத்தீசுவர வித்தியாலயத்திலும் யாழ்ப்பாணம் இந்துக் கல்லூரியிலும் படித்தார். சோனகத் தெருப் பிள்ளை ஒன்று சைவப் பிள்ளைகளோடு ஒரே வாங்கில் இருந்து தமிழ் படித்தது அந்நாளில் பெரிய அதிசயமாக இருந்திராது. எங்கள் காலத்தில்தான் அதை எடுத்துச் சொல்ல வேண்டியிருக்கிறது.

அப்போது இலங்கையில் பட்டம் வழங்கும் பல்கலைக்கழகமே இல்லை. கொழும்பிலிருந்த பல்கலைக்கழகக் கல்லூரியில் படித்து லண்டன் பல்கலைக்கழகத்தின் பரீட்சையை எழுத வேண்டும். அஸீஸ் 1929இல் அங்கு சேர்ந்து, 1933இல் வரலாற்றில் சிறப்புப் பட்டம் பெற்றார். மேற்படிப்புக்காகக் கேம்பிரிட்ஜ் போனவர், இலங்கைச் சிவில் சேவைப் பரீட்சையில் சித்தியடைந்ததால் அதை முடிக்காமலே திரும்பினார். 1935இல் அந்தச் சேவையில் நுழைந்த முதல் முஸ்லிம் அவர்தான். வெள்ளைக்காரர் ஆட்சியில் அதைவிடப் பெரிய உத்தியோகம் நம்மவர்களுக்குக் கிடையாது.

இவ்வளவோடு நின்றிருந்தால் அவரும் ஒரு பெரிய அதிகாரி, அவ்வளவுதான். யுத்தகாலத்தில், 1942இல், உணவு உற்பத்தியைப் பெருக்குவதற்காகக் கல்முனையில் ஓர் அவசரக் கச்சேரி திறந்தார்கள். உதவி அரசாங்க அதிபராக அதற்குப் பொறுப்பேற்றுப் போனவர் அஸீஸ். நெல்லைப் பெருக்கப் போனவரின் கண்ணில் பட்டது பிள்ளைகள். வயலும் கடலும் தெரிந்த கெட்டிக்காரப் பிள்ளைகள், படிப்பு மட்டும் பாதியில் நின்றுபோயிருந்தது. பக்கத்து ஊரான காரைதீவைச் சேர்ந்த சுவாமி விபுலாநந்தரின் நட்பும் அங்கேதான் கிடைத்தது. கல்முனையில் ஒரு முஸ்லிம் கல்விச் சங்கத்தைத் தொடக்கிவைத்தார். அந்த எண்ணமே வளர்ந்து 1945இல் இலங்கை முஸ்லிம் கல்விச் சகாய நிதி ஆயிற்று. கெட்டிக்காரப் பிள்ளை காசில்லாமல் படிப்பை விடக்கூடாது என்பதுதான் அதன் நோக்கம். அதன் உதவியால் படித்துப் பட்டம் பெற்றவர்கள் நாடெங்கும் இருக்கிறார்கள்.

பிறகு செய்தது இன்னும் துணிச்சலான காரியம். 1948இல் சிவில் சேவையை உதறிவிட்டுக் கொழும்பு ஸாஹிராக் கல்லூரியின் அதிபரானார். அந்த உத்தியோகத்தை விட்டு ஒருவர் பள்ளிக்கூடத்துக்குப் போவதென்றால் குடும்பத்தில் என்ன பேச்செல்லாம் நடந்திருக்கும்! எங்கள் வீட்டில் நடந்தால் மூன்று நாளைக்குச் சாப்பாடே இருக்காது. 1961 வரை அங்கே அதிபராக இருந்தார். அவர் காலத்து ஸாஹிராவை அங்கு படித்தவர்கள் இன்றும் பெருமையாகப் பேசுகிறார்கள். 1950இல் முஸ்லிம் வாலிபர் சங்கத்தைத் தொடக்கினார். 1952 முதல் செனட் சபையில் இருந்தார். 1956இல் தனிச்சிங்களம் என்ற கொள்கைக்குத் தன் கட்சியும் போனபோது, கட்சியை விட்டு விலகினார். வைத்தீசுவராவிலும் இந்துக் கல்லூரியிலும் ஊறிய தமிழ் அவரை விடவில்லை. இலங்கையில் இஸ்லாம், தமிழ் யாத்திரை முதலான நூல்களை அந்தத் தமிழிலேயே எழுதினார். 1973 நவம்பர் 24ஆம் திகதி கொழும்பில் வபாத்தானார்.

ஏழு வருடங்களின் பின், 1980இல் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகம் தன் முதலாவது பட்டமளிப்பு விழாவை நடத்தியது. அந்த விழாவில் அஸீஸுக்கு இலக்கிய கலாநிதிப் பட்டம் வழங்கப்பட்டது. வாங்க அவர் இல்லை. கேம்பிரிட்ஜில் பாதியில் விட்டவருக்குப் பிறந்த ஊர் கொடுத்த பட்டம் அது. அந்தச் செய்தி சோனகத் தெருவுக்கு வந்த நாளை வாப்பும்மா பெருநாள் போலச் சொல்வார்.

பத்து வருடம் கழித்து, 1990 ஒக்டோபரில் அந்தத் தெருவே வெறிச்சோடியது. என் வாப்பா அப்போது உயர்தர வகுப்பில் இருந்தார். புத்தளத்து முகாமில் பரீட்சைக்குப் பதில் கூலிவேலைதான் கிடைத்தது. சாதாரணதரச் சான்றிதழை மட்டும் வாப்பும்மா சீலைக்குள் மடித்துக் கொண்டுவந்திருந்தார். அது இன்றும் எங்கள் வீட்டில் இருக்கிறது, மடிப்பு நெடுகக் கிழிந்து.

விழா முடிந்ததும் ஓட்டோ பிடித்துச் சோனகத் தெருவுக்குப் போனோம். எங்கள் வீட்டுக்குக் கூரையில்லை. முன்சுவரும் கிணறும் மிச்சம். வாப்பா ஒன்றும் பேசாமல் சுவரோரத்துப் பற்றையைக் காலால் ஒதுக்கி, என்னை அங்கே நிற்கச் சொன்னார். அங்கியைச் சரிசெய்துகொண்டு நின்றேன். தொலைபேசியைப் பிடித்த அவருடைய கை நடுங்கியதால் முதல் படம் சரியாக விழவில்லை. இரண்டாவது எடுத்தார். பிறகு வாப்பும்மாவையும் பக்கத்தில் நிறுத்தி ஒன்று. நாலு மணிக்குள் அங்கியைத் திருப்பிக் கொடுக்கவேண்டும் என்பதால் அவசரமாக ஓட்டோவில் ஏறினோம்.